ட்யூப் நுனியில் வைத்த பொட்டு

என் கணவருக்குப் பொட்டு வைக்காமல் கை நிற்காது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஆயுத பூஜையன்று அங்கே மோட்டார், ஸ்விட்ச் போர்டு என்று ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி கிண்ணத்தை எடுப்பார். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, என் ஸ்கூட்டி, கடைசியில் என் மீன்தொட்டி விளக்கு. புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் சுவிட்சைப் போட விடமாட்டார். பொட்டு வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. வைக்கிற இடத்தில்தான்.

தொட்டி என்னுடையது. எனக்கும் தொழிற்பேட்டையில்தான் வேலை, வேறு கம்பெனி. இரும்புப் பாகங்களில் முடி அளவு விரிசல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. கண் போனால் வேலை போச்சு. வீட்டுக்கு வந்து அந்தப் பச்சைச் செடிகளையும் கப்பி மீன்களையும் கொஞ்ச நேரம் பார்த்தால்தான் கண்ணுக்கு உயிர் வரும்.

பூஜை முடிந்து கொஞ்ச நாளில் தொட்டி ட்யூப் மினுக்கி மினுக்கி அணைந்துபோனது. கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

"நுனியில பொடி எழுத்துல இன்னா டைப்புன்னு போட்டிருப்பான். அதைப் பார்த்து அதே மாதிரி வாங்கியாங்க. செடிக்குப் போடுற ட்யூப்பு வேற."

கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எழுத்து இருந்த இடத்தில் வருஷா வருஷம் வைத்த பொட்டின் கறை. துணியால் அழுத்தித் தேய்த்தார். கறையோடு எழுத்தும் போய்விட்டது.

"எல்லாம் ஒண்ணுதான். நீளம் சரியா இருந்தா போதும். கம்பெனி ஃபுல்லா நான்தான் லைட்டு மாத்திக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

கம்பெனி ஸ்டோரில் சும்மா கிடந்தது என்று ஒரு ட்யூபைக் கொண்டுவந்தார். அதே நீளம், அதே முனை. ஆனால் வெள்ளைப் பூச்சே இல்லை. உள்ளே இருக்கிற கம்பி வரை தெரிந்தது.

"இன்னா இது, மொட்டைக் கண்ணாடியா இருக்குது?"

"புது மாடலு. பேஜாரு பண்ணாத."

நுனியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மெல்லிய நீல வெளிச்சம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலையும் இல்லை. விளக்கைத் தூக்கிச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, அதன் எதிரிலேயே வெகுநேரம் குனிந்து அழுகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டின மாதிரி ஆனது. இமையைத் திறக்க முடியவில்லை. நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆட்டோ பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்.

"இவங்க வெல்டிங் வேலையா?"

"இல்ல சார். மீன்தொட்டி."

டாக்டர் துருவித் துருவி விசாரித்தார். குடிதண்ணீர் சுத்தம் செய்கிற இடத்தில் கிருமியைக் கொல்லப் போடுகிற விளக்காக இருக்கும், வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது என்றார். வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நான் என்ன கிருமியா? என் கண்ணை நம்பித்தானே கம்பெனியில் உட்கார வைத்திருக்கிறார்கள்? மீன்களாவது கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. ட்யூபைக் கழற்றச் சொல்லி, ஈரத்துணியால் பொட்டைத் துடைத்து, பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு கண்ணின் படம், அதன் குறுக்கே ஒரு கோடு. சரியாக அதன் மேல்தான் குங்குமம் வைத்திருக்கிறார்.

சில நாளில் கண் சரியாகி வேலைக்குப் போனேன். கோபம் மட்டும் ஆறவில்லை. அவரோடு சரியாகப் பேசக்கூட இல்லை. மீன் கடைக்கு நானே போய்த் தொட்டியின் அளவைச் சொல்லிச் சரியான ட்யூபை வாங்கி வந்தேன். மனுஷன் மறுபடி குங்குமக் கிண்ணத்தோடு வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மொதல்ல இன்னா எழுதியிருக்குதுன்னு படிங்க. அப்புறம் பொட்டு வைங்க."

வாங்கிக் கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். ஜன்னல் பக்கம் போய் அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"தெரியலமே. பொடி எழுத்து தெரிஞ்சே ரொம்ப நாளாச்சு."

"கண்ணாடி போடுறதுக்கு இன்னா?"

"நான் கான்ட்ராக்ட் ஆளு. கண்ணு தெரியலன்னு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவான்."

"அப்ப அங்க போர்டுல, கரன்ட்டுல, எப்படி கை வைக்கிறீங்க?"

"கைப்பழக்கம்தான்."

இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் இத்தனை நாளும் வந்ததெல்லாம் கோபமே இல்லை. கிண்ணத்தைப் பிடுங்கி வைத்தேன். செருப்பை மாட்டச் சொல்லி, அதே கண் டாக்டரிடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். புது ட்யூப் மேஜை மேல் அப்படியே கிடந்தது.