இரண்டடி பின்னால்

தார்ச்சாலை முடிவதற்குப் பத்தடி முன்பே தாங்வுங்கா பிக்கப்பை நிறுத்திவிடுகிறார். இறங்கி, முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் குமிழ்களைக் கையால் திருகிப் பூட்டுகிறார். ஏறும்போது இடுப்பை ஒருமுறை பிடித்துக்கொள்கிறார். கியருக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டைத் தண்டை நகர்த்துகிறார். இனி நான்கு சக்கரமும் இழுக்கும்.

"சேத்துக்குள்ள போய் நின்னுக்கிட்டு குமிழத் தேடுறவங்கள நெறையப் பாத்துட்டேன்" என்பார். சலிப்பாகத்தான் சொல்வார். அவர் எதையும் சலிப்பில்லாமல் சொல்லி நான் கேட்டதில்லை.

வயது ஐம்பத்தொன்பது. ஐஸால் நகர ஆஸ்பத்திரிகளில் இறந்துபோகிறவர்களை அவரவர் மலைக்கிராமத்தில் கொண்டுசேர்ப்பது வேலை. பத்தொன்பது வருடமாக இதே வண்டி. வீட்டு வாசலில் அது நின்றால் தெருவே எட்டிப் பார்க்கிறது என்று சர்ச்சுக்குப் பின்னால் விடுகிறார்.

மழையில்லாத காலத்திலும் மாதம் ஒருநாள், கால்பந்து மைதானத்தின் ஈர ஓரத்தில், நான்கு சக்கரத்தையும் பூட்டிப் பத்து நிமிடம் ஓட்டுவார். சும்மா கிடந்தால் உள்ளே இறுகிவிடுமாம். கீரை விற்கும் ங்குரி அக்கா ஒருநாள் கேட்டாள்: "என்ன வுங்கா, பேயைக் காத்து வாங்கக் கூட்டிட்டு வந்தியா?"

"இல்லக்கா, மூட்டுக்கு எண்ணெய் போடுறேன். ஏறுறியா, உன் முழங்காலுக்கும் ஆகும்."

தாரில் மட்டும் நான்கையும் பூட்டி ஓட்ட மாட்டார். "வளைவுல முன்சக்கரம் ஒரு கணக்குல சுத்தும், பின்சக்கரம் ஒரு கணக்குல சுத்தும். மண்ணுன்னா வழுக்கிச் சரிபண்ணிக்கும். காஞ்ச தார்ல எங்க வழுக்க? உள்ளுக்குள்ளயே மல்லுக்கட்டும்."

போன ஜூலையில் ரோசியாமா என்ற இளைஞனின் அம்மாவை அவர்கள் ஊரான லுங்சாய்க்குக் கொண்டுபோனோம். அவன் முன்னால் உட்கார்ந்தான். சாவு வீட்டுக்குத் துணைபோகும் இளைஞர் சங்கத்தின் சார்பில் நானும் மூன்று பேரும் பின்னால் சவப்பெட்டியோடு. நடுவில் கண்ணாடி கிடையாது, பேசுவதெல்லாம் கேட்கும்.

"மூணு மணிக்கு அடக்கம், மாமா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான் ரோசியாமா.

லுங்சாய்க்கு முன்னால் ஒரு மண் இறக்கம். மழை விட்டு வெயில் அடித்தாலும் அது காயவில்லை. உச்சியிலேயே நின்று, குட்டைத் தண்டை மெதுகியருக்கு மாற்றி, முதல் கியர் போட்டு, பெடல்களிலிருந்து இரண்டு காலையும் எடுத்துவிட்டார் வுங்கா. வண்டி முனகிக்கொண்டே ஊர்ந்தது.

"பிரேக்கப் பிடிங்க மாமா, பள்ளம்!"

"பிடிச்சா சக்கரந்தான் நிக்கும், வண்டி நிக்காது. பேசாம வா."

நான் சவப்பெட்டியை இரு கையாலும் அழுத்திக்கொண்டேன்.

கீழே காய்ந்த தார் தொடங்கியது. குட்டைத் தண்டு பழைய இடத்துக்கு வரவில்லை. முதல் வளைவிலேயே ஸ்டீயரிங் திமிறியது. வுங்கா நிறுத்தி, ரிவர்ஸ் கியருக்குக் கையைக் கொண்டுபோனார். ரோசியாமா அந்தக் கையைப் பிடித்துவிட்டான்.

"பின்னால போகாதீங்க மாமா. ரெண்டு தடவ அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுக் கிளம்பினேன். ரெண்டு தடவையும் பாதி வழியில மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்கே திரும்பினோம். இந்தத் தடவையாவது..."

வுங்கா கையை உதறவில்லை.

"உள்ள முறுக்கிக் கெடக்குது, தம்பி. இப்படியே போனா ஒடஞ்சிரும். அம்மா நடுரோட்டுல நிப்பாங்க. ரெண்டடி பின்னால போனா முறுக்கு விட்டுரும். ரெண்டடிதான்."

ரோசியாமா கையை எடுக்கவில்லை. அவன் கை மேலிருக்க, கியர் விழுந்தது. வண்டி இரண்டடி பின்னால் போனது. அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். தண்டு தளர்ந்து வந்தது. பின்னால் நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது லுங்சாய் போய்ச் சேர்ந்தோம்.

அடக்கம் முடிந்து, ஊரே அந்த வீட்டு முற்றத்தில் கூடியிருந்தது. வுங்கா வண்டிக்குள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். ரோசியாமா வீட்டுக்குள் போகாமல் நேராக வந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

"மாமா, நான் உங்க கையப் பிடிச்சது..." என்று தொடங்கினான். அதுவரை அழாதவன் வாய்விட்டு அழுதான். முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வுங்கா சிரமப்பட்டு அவனுக்குக் குறுக்கே குனிந்து, முற்றத்தைப் பார்த்திருந்த ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றினார்.