ஒரே பெயரில் இரண்டு பேர்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஜெர்மனியில், பான் நகரில் வேதியியல் ஆய்வு மாணவன். எங்கள் மூதாதை பாட்ரிக் டோலன் ஓர் அயர்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து வந்து, அதை விட்டு ஓடி, தூத்துக்குடி முத்துக்குளிப்புப் படகுகளில் வேலை பார்த்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அப்பா அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்.

ஐரோப்பாவில்தானே இருக்கிறோம் என்று, பாட்ரிக்கின் ஊர்த் தேவாலயத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்தப் பெயருள்ள ஒருவர் சொந்தத் தம்பியைக் கொன்றுவிட்டுக் கப்பலேறியதாகப் பழைய பதிவேட்டில் இருப்பதாகப் பாதிரியார் பதில் போட்டார். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

“வயசு, வருஷம் எல்லாம் டாலி ஆகுதான்னு பாத்தியா? செக் பண்ணாம அப்பாவுக்கு எழுதாதே” என்றான் அறை நண்பன் சேவியர்.

“பேரும் ஊரும் சரியா இருக்கே, வேற என்ன வேணும்?” என்று சொல்லி, அன்றே அப்பாவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

அப்பா ஒரே வரியில் பதில் எழுதினார்: “கொலைகாரன் வம்சமா நாம்?” அதன்பின் அவர் யாரிடமும் அந்தக் கதையைச் சொல்வதில்லை என்று அம்மா எழுதினாள். மனம் உறுத்த, எங்கள் பாட்ரிக் பிறந்த ஆண்டையும் கொலை நடந்த ஆண்டையும் கேட்டுப் பாதிரியாருக்கு மறுபடி எழுதினேன். பதில் வருவதற்குள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பிறகு வந்த பதிலில்தான் தெரிந்தது, கொலை செய்தவர் வேறொரு பாட்ரிக் டோலன். கொலை நடந்தபோது எங்கள் பாட்ரிக்குக்கு எட்டே வயது.

இப்போதும் உறவினர்களுக்காகப் பழைய பதிவுகளைத் தேடுகிறேன். இரண்டாவது ஆதாரம் கைக்கு வரும்வரை, நல்ல செய்தியாக இருந்தாலும், யாருக்கும் ஒரு வார்த்தை எழுதுவதில்லை.