ஏலகிரிக்கு ஒரு நேர்கோடு

கடலில் மீன்பிடிக்கத் தடை போடும் அந்த இரண்டு மாதமும், எங்கள் தெருவில் ஆண்பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சமாளிப்பது பெரும்பாடு. நாலைந்து நாள் கடலிலேயே கிடந்துவிட்டு வந்து, ஒரு பகல் முழுக்கத் தூங்கி, மறுபடி கிளம்பிவிடுகிற ஆட்கள் அவர்கள். அவர்களை மொத்தமாகக் கரையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைப்பார்கள். டிவி பெட்டியின் இடத்தை மாற்றுவார்கள். குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து யோசனை சொல்வார்கள். காசிமேட்டுப் பெண்கள் ஏப்ரல் பிறந்ததுமே ஜூனுக்கு ஏங்க ஆரம்பிப்பதற்கு வருமானம் மட்டும் காரணம் இல்லை.

எங்கள் நைனா விசைப்படகு டிரைவர். படகின் சுக்கான் அவர் கையில். அதில் போகிறவர்களின் உயிரும் அவர் கையில் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அவள் பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, நானும் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாவது முடித்த அந்தக் கோடையில் நைனாவின் தவிப்பு வேறு மாதிரி இருந்தது. தடைக்காலம் என்றால் மற்றவர்கள் துறைமுகத்துக்குப் போய்ப் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள், வலையைத் தைப்பார்கள். நைனா அந்தப் பக்கமே போகவில்லை. ராயபுரத்தில் எங்கள் வீடு இரண்டே அறை. அதற்குள் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தபடியே இருந்தார். வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்காக நைட்டி தைக்கிற அம்மாவின் மெஷின் நடுவில் இருந்ததால், ஒவ்வொரு முறையும் ஒருக்களித்துக்கொண்டு கடக்க வேண்டும். அம்மா பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தலை சுற்றியது. பொறுமை என்கிற சாமான் எனக்கு அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

படகு முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. இன்ஜின் வேலை நடக்கிறது, டிரைவர் பக்கத்தில் இருந்தால் நல்லது, இந்தத் தடவையும் நீதானே போகப்போகிறாய் என்று கேட்டுவரச் சொன்னாராம். மெஷின் சத்தம் நின்றது. நைனா தலையைச் சொறிந்துகொண்டு, "மலைக்கு ஒரு தபா போய்ட்டு வந்து சொல்றேன்னு சொல்லு" என்றார்.

மலையா? எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

அன்று சாயங்காலமே மாமா வரவழைக்கப்பட்டார். அம்மாவின் தம்பியான அவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். எண்ணூர் ரோட்டில் வரிசையில் நின்று நின்றே வயசாகிப்போனது என்று சொல்லிக்கொள்வார், ஆனாலும் அவருக்குத் தெரியாத ஊர் கிடையாது. நைனாவின் பைக்கில் போவதென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை போல வருமா, ஒரு பக்கம் பூராவும் கடல், ஜிலுஜிலுவென்று பாண்டிச்சேரி வரைக்கும் போய்வரலாம் என்றார். நைனா முகத்தைச் சுளித்தார்.

"கடலே கண்ணுல படாத ஊரா சொல்லு மச்சான்."

"மீஞ்சூரத் தாண்டி மேற்கால போனா எல்லாம் அப்டித்தான் மாமு" என்று மாமா சிரித்தார். கடைசியில் ஏலகிரி என்று முடிவானது. பக்கத்தில் இருக்கிற மலை, வளைவுகளும் எண்ணி முடிக்கிற அளவுதான், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். அம்மா தடுப்பாள் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். மெரினாவில் கால் நனைக்கவே ஆயிரம் சட்டம் பேசுகிறவள், துணியிலிருந்து தலையைத் தூக்காமல், "இட்டுக்கினு போ. மன்சுக்கு நல்லாருக்கும்" என்றாள். தயாராக வைத்திருந்த அழுகை எனக்கு வீணாகிப்போனது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது திட்டம். நைனாவுக்குத் தெரிந்தது கடல் பயணத் திட்டம் ஒன்றுதான். அதையே மலைக்கும் போட்டார். மாமாவின் போனில் இருந்த மேப்பை அவர் நம்பவில்லை, நடுக்கடலில் டவர் கிடைக்காத சாமான் அது. படகில் வைத்திருக்கும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியை எடுத்துவந்து அதில் ஏலகிரியைக் குறித்தார். மீன் கிடைக்கிற இடத்தைக் குறித்து வைப்பது போலத்தான். கருவி எங்கள் வீட்டிலிருந்து ஏலகிரிக்கு ஒரு நேர்கோடு போட்டது. காற்றாடி நூல் மாதிரி விறைப்பாக, வழியில் இருக்கிற எந்த ஊரையும் மதிக்காமல் போனது அந்தக் கோடு. நைனா அதன் நீளத்தைப் பார்த்தார், பைக் போகும் வேகத்தால் வகுத்து மனக்கணக்குப் போட்டார், "காலைல கெளம்புனா மத்தியான சோறு மலைமேல" என்று அறிவித்தார்.

"மாமு, ரோடுன்னு ஒண்ணு கீதே" என்றார் மாமா.

"ரோடு எங்க போவும்? நம்ம கோட்டுக்குத்தான் வரும்."

குறித்த நாள் வந்தது. விடியும் முன்பே குளித்து, புதுச் சட்டை போட்டு, வாசலில் நின்றேன். நைனா மொட்டைமாடிக்குப் போய் நின்றுவிட்டு இறங்கி வந்து, காற்று சரியில்லை, இன்றைக்கு வேண்டாம் என்றார். கரைக்காற்று வீசுகிறதாம், மேற்கே போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்றாம். காற்று அடித்தால் ரோடு கவிழ்ந்துவிடுமா என்று மாமா கேட்டுப் பார்த்தார். புதுச் சட்டை கழற்றப்பட்டது. அடுத்த முறை காற்று நன்றாக இருந்தது, ஐஸ் இல்லை. கடலுக்குப் போகிறவர் ஐஸ் இல்லாமல் கிளம்பியதே கிடையாது. தடைக்காலத்தில் காசிமேட்டு ஐஸ் கம்பெனிகளில் பாதி மூடிக் கிடக்கும். தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்துவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பினார். "மலைல இன்னா வஞ்சரமா புடிக்கப் போற?" என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நைனாவும் சிரித்தார். ஆனாலும் அன்றைக்குக் கிளம்பவில்லை. அதற்கப்புறம் பைக்குக்கு மாதா கோயிலில் தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்று நினைவு வந்தது, புதுப் படகுக்குச் செய்வது போல. ஃபாதர் வெளியூர் போயிருந்தார்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல ஆனது. இந்த ஆள் போகத்தான் போகிறாரா, இல்லை பேசிக்கொண்டே ஜூனுக்கு வந்துவிடுவாரா? முதலாளி வீட்டு ஆள் மறுபடி வந்தபோதும் அதே பதில். மலைக்குப் போய்வந்து சொல்கிறேன். அவர் மலையை முடிக்காமல் வைத்திருந்தால் பதிலும் சொல்லாமல் இருக்கலாம் என்கிற கணக்கு எனக்குப் புரியும் வயது இல்லை அது.

அந்தக் காத்திருப்பில் எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு கப்பல் கதை. தடைக்கு முந்தைய கடைசிப் பயணத்தில் நடந்தது. விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஒரு சரக்குக் கப்பல் இவர்கள் படகை உரசாத குறையாகப் போனதாம். நைனா எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். கன்னத்தை உப்பி, "பாஆஆம்" என்று கப்பல் ஹாரன் அடிப்பார். சமையல் செய்யும் கிழவர் கரண்டியைச் சிலுவை மாதிரித் தூக்கிப் பிடித்து மாதாவைக் கூப்பிட்டது, அவர் லுங்கி அவிழ்ந்து தனியாக ஓடியது, எல்லாம் வரும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லச் சொல்வேன். கதை முழுக்க லுங்கியும் கரண்டியும் இருந்தன. சுக்கானைப் பிடித்திருந்தவர் அந்த நேரத்தில் என்ன செய்தார் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

கடைசியில் மாமாதான் எங்கேயோ அலைந்து ஒரு பாளம் ஐஸ் கொண்டுவந்து பெட்டியில் போட்டு, "மாமு, இப்போ கெளம்பல, நான் பாப்பாவ டிரெய்லர்ல ஏத்திக்கினு போய்டுவேன்" என்று மிரட்டினார். நைனாவும் நானும் கிளம்பினோம். கிளம்பும்போது நைனா ஒரு நைலான் கயிற்றை என் இடுப்பில் சுற்றி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டினார். தூங்கி விழுந்துவிடுவேனாம். படகில் போடுகிற முடிச்சு, இழுத்தால் இறுகும். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுப் பையன் ஆட்டுக்குட்டி என்று கத்தினான். மலைக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ராணிப்பேட்டை வரைக்கும் நெடுஞ்சாலை எங்கள் கோட்டுக்கு மரியாதை கொடுத்தது. அதற்கப்புறம் விலக ஆரம்பித்தது. ஹேண்டில்பாரில் கட்டியிருந்த கருவியின் அம்பு இடது பக்கம் காட்ட, நைனாவின் கை பழக்க தோஷத்தில் அதன் பின்னாலேயே போனது. தார் ரோடு மண் ரோடாகி, மண் ரோடு வரப்பாகி, கடைசியில் ஒரு காய்ந்த ஏரியின் கரையில் போய் நின்றோம். ஆடு மேய்த்த அம்மா ஒருத்தி எங்கள் கயிற்றையும் ஐஸ் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்தாண்ட வழியே இல்லியேப்பா, எங்க போவணும்?" என்று கேட்டாள்.

நைனா இறங்காமலே ஏரியைப் பார்த்தார். "கடல்ல இப்டி இல்ல பாப்பா. கோட்டப் புடிச்சா போய்க்கினே இருக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குறுக்கால இன்னா வருதுன்னுதான் தெரியாது" என்றார். எனக்குப் பசி. மலைமேல் சாப்பிட வேண்டிய மத்தியானச் சோற்றை அந்த ஏரிக்கரையில் ஆடுகளுக்கு நடுவே சாப்பிட்டோம். ஐஸ் தண்ணீராகிவிட்டது.

ஆனால் மலை வந்ததும் நைனா வேறு ஆளாகிவிட்டார். முதல் வளைவில் வண்டியைச் சாய்த்துத் திருப்பியபோது சத்தம் போட்டுச் சிரித்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் ரோடு தானாகவே, "இப்படி வா" என்று கூப்பிட்டது. அடுத்து என்ன என்று கண்ணுக்குத் தெரிந்தது. வேப்ப மரம், குரங்கு, தடுப்புச் சுவர், மறுபடி குரங்கு. எங்கள் ஊரில் மேடு என்றால் மேம்பாலம்தான். இங்கே பூமி எங்களுக்கு மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துப்போகிற சந்தோஷம். அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். அந்த முதுகு தளர்ந்திருந்தது. அந்தக் கோடை முழுக்க அது பலகை மாதிரி இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே, எல்லாரும் நின்று படம் எடுக்கிற ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தினோம். கயிற்றை அவிழ்க்கவில்லை, இரண்டு பேருமாக அப்படியே சுவரோரம் போய் நின்றோம். சாயங்கால வெயிலில் கீழே ஊர்கள் எதுவும் தெரியவில்லை. வானம் எங்கே முடிகிறது என்று தெரியாமல், சாம்பல் நீலமாக, புகைமூட்டமாக விரிந்து கிடந்தது.

"நைனா, கடலு மாதிரியே கீது பாரேன்!" என்று கத்தினேன்.

அப்போது அந்த மூட்டத்துக்கு அடியிலிருந்து, ஜோலார்பேட்டைப் பக்கம் எங்கோ போய்க்கொண்டிருந்த ஒரு ரயில், நீளமாக ஹாரன் அடித்தது.

கயிறு என் இடுப்பை வெட்டுவது போல இழுத்தது. அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். நைனா என்மேல் கவிழ்ந்து என் தலையைத் தன் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். அவர் மூச்சு என் காதில் இரைந்தது. ஒரு கை எதையோ பிடித்துத் திருப்புவது போலத் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, கப்பல் கதை! எனக்காக இத்தனை தூரம் வந்து, இத்தனை பேர் முன்னால் நடிக்கிறார். "பாஆஆம்!" என்று நானும் கத்தினேன். "மாதாவே! லுங்கி போச்சே!" என்று அந்தக் கிழவரின் வசனத்தையும் சேர்த்துக்கொண்டேன். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நைனா மெதுவாக எழுந்தார். முட்டியில் ரத்தம். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவர்களைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"சூப்பரா பண்ண நைனா" என்றேன்.

"போலாம் பாப்பா" என்றார்.

தங்கிப் போவதாகத்தான் திட்டம். தங்கவில்லை. இறங்கும்போது ஒரு வளைவில்கூட அவர் சிரிக்கவில்லை. ஐஸ் பெட்டியை மேலேயே மறந்துவிட்டோம்.

நடுராத்திரியில் வீடு வந்ததும் வண்டி நிற்பதற்கு முன்பே நான் கதையை ஆரம்பித்துவிட்டேன். நைனா எப்படி விழுந்தார், நான் எப்படி வசனம் சொன்னேன், எப்படி எல்லாரும் சிரித்தார்கள். செய்து காட்டு நைனா, இன்னொரு தபா செய்து காட்டு என்று கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அன்று எங்கள் வீட்டிலேயே படுத்திருந்த மாமா சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தவர், அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் பார்த்தாள், பல்லால் பார்த்தாள். பிறகு தையல் கத்திரியை எடுத்து வெட்டினாள். வெட்டி முடித்தும் நைனாவின் கையை விடவில்லை. "போதும்யா" என்றாள். நான் என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

தடை முடிந்த அன்று காசிமேட்டிலிருந்து படகுகள் வெடி வெடித்துக்கொண்டு வரிசையாகக் கிளம்பின. எங்கள் நைனாவின் படகில் வேறொருவர் சுக்கானைப் பிடித்திருந்தார். நைனா அந்நேரம் எண்ணூர் ரோட்டில், மாமாவின் டிரெய்லரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கியர் போடப் பழகிக்கொண்டிருந்தார்.

உங்கப்பா ஏன் கடலுக்குப் போகவில்லை என்று பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாரும் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. ஏலகிரி எவ்வளவு உயரம், எத்தனை குரங்கு என்று விரிவாகச் சொல்லிவிட்டு, கண்ணை அகல விரித்து முடித்தேன்.

"எங்க நைனாவுக்கு மல அவ்ளோ புட்ச்சிப்போச்சு."