வீட்டுக் குவியல்

எங்கள் வீட்டில் நிலக்கடலையை உடைத்ததும் இரண்டு குவியலாகப் பிரிப்போம். திரண்ட பருப்பெல்லாம் சந்தைக் குவியல். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாம் வீட்டுக் குவியல். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஒரு நல்ல பருப்பு தவறி வீட்டுப் பக்கம் விழுந்தால்கூட எடுத்து அங்கிட்டுப் போட்டுவிடுவேன். அப்படியொரு கெட்டிக்காரி என்று எனக்கே என்மேல் பெருமை.

போன தடவை செடியைப் பிடுங்கிப் போட்ட அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. பிறகு காயவைத்து உடைத்தால் பாதிப் பருப்பில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள். வீட்டுக் குவியல் என்றுமில்லாத உயரத்துக்கு வந்துவிட்டது. துடைத்து நன்றாக வறுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் என் வீட்டுக்காரரும் நினைத்தோம். அதில்தான் சட்னி அரைத்தேன். திருச்சியில் இருக்கும் மகளுக்கு டப்பா நிறையச் சத்துமாவு கொடுத்தனுப்பினேன், ஒன்றரை வயதுப் பேரனுக்காக. எதற்கும் தேறாத நொய்யைக் கோழிக்குஞ்சுகளுக்கு இறைத்தேன்.

பத்து நாளில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. செத்த ஒன்றைப் பையில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்தார்.

"ஈரல் கெட்டுப்போயிருக்கு. என்னம்மா தீனி போட்டீங்க?"

சொன்னேன்.

"பூசணம் புடிச்ச கடலையா? அதுல நஞ்சு ஊறியிருக்கும்மா. வறுத்தாலும் முழுசாப் போகாது. மனுசங்களுக்கும் ஆகாது."

அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டேன்.

"அந்த மாவைக் கொட்டுடி. இப்பவே கொட்டு. புள்ளைய டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போ."

"ஐயோ, என்னம்மா சொல்றே? ஒரு வாரமா ரெண்டு வேளையும் அதத்தானே ஊட்டுறேன்!"

மறுநாள் ரத்தம் பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, இனிமேல் கொடுக்க வேண்டாம் என்றாராம் அங்கிருந்த டாக்டர். அதைக் கேட்டதும் எழுந்து கொல்லையில் குழி வெட்ட ஆரம்பித்தேன்.

"இத்தன வருசமாத் தின்னோம். செத்தா போயிட்டோம்?" என்றார் வீட்டுக்காரர்.

"செத்தாத்தான் நம்புவீங்களா? மம்பட்டியப் புடிக்கிறீங்களா, நானே வெட்டவா?"

நானேதான் வெட்டினேன். பாதியில் அவரும் வந்து வாங்கிக்கொண்டார். வீட்டுக் குவியலை ஒரு மணி மிச்சமில்லாமல் புதைத்தோம்.

அதோடு நான் விடவில்லை. வாய் தைத்து வைத்திருந்த சந்தை மூட்டைகளை அரிவாளால் அறுத்தேன்.

"ஏய், அது விக்கிறதுக்கு வச்சதுடி!"

"வாங்கித் திங்கிற வீட்டுலயும் புள்ள இருக்குமுல்ல?"

மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி பொறுக்கினேன். கறை கண்டதெல்லாம் குழிக்குப் போனது. முதல் படி கடலை, திரட்சியான பருப்பாகப் பார்த்து, வீட்டுக்கு எடுத்துவைத்தேன். சந்தைக்கு மிச்சம்தான் போனது.

அடுத்த வாரம் மகள் பிள்ளையோடு வந்தாள். புது டப்பாவை நீட்டினேன். திறந்து மோந்து பார்த்தாள். அவளையும் நான் அந்த வீட்டுக் குவியலைப் போட்டுத்தானே வளர்த்தேன்.

"இது எந்தக் குவியல்ம்மா?" என்றாள்.

"இனிமே இந்த வீட்டுல ஒரே குவியல்தான்டி" என்றேன்.