அளந்த பால்

தன் ரப்பர் மரத்தில் பால் வடிந்து நின்ற மங்கை, அந்தச் சின்னப் பீங்கான் கிண்ணத்தை, கம்பியிலிருந்து எடுத்து, நாலே எட்டில் அடுத்த நிரைக்குப் போய், அங்கே தொங்கிய மங்கில் சாய்த்தான். பால் சத்தமில்லாமல் இறங்கியது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்திக்கொண்டான். வழிந்தால் சந்தேகம் வரும். மிச்சத்தைத் தன் மரத்திலேயே திரும்ப மாட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். அளந்து கணக்கெழுதும் கிராணி வந்து சேர்வதற்குள் இன்னும் ஐந்து மரத்துக்கு ஊற்ற வேண்டும்.

“என்னா பத்துமலை அண்ணே, மாமியா வூட்டுக்கு வைக்காத சீரெல்லாம் இப்பத்தான் வைக்கிறியா?”

மூன்றாம் நிரைக்காரி பாப்பா, வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“வாய மூடு பாப்பா. ஒன் மரத்தப் பாரு.”

“என் மரத்துக்கும் ரெண்டு மங்கு ஊத்து லா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

சிரித்துக்கொண்டே போனாள். சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். பாப்பா பிள்ளை பெற்ற மாதம் அவள் வாளிக்கும் எல்லாரும் ஆளுக்கொரு கை பால் ஊற்றித்தான் அவளுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, விழ வைத்தார்கள். முடியாதவள் வாளியில் முடிந்தவன் ஊற்றுவது சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே வந்த வழக்கம். கங்காணிக்கும் தெரியும். தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது முடியாதவள் அவன் மனைவி மாரியம்மா. நிரையின் அந்தக் கோடியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதமாகக் கால் வீக்கம். கண்ணின் உள்பக்கம் வெள்ளைத் துணிபோல வெளுத்துக்கிடந்தது. பத்து மரத்தில் பட்டையைச் சீவிப் பால் வெட்டினால் ஒரு மரத்தடியில் உட்கார வேண்டும். சமவெளி நிரை, குடியிருக்கும் லயத்துக்கும் பக்கம் என்பதால் எப்படியோ இழுத்துக்கொண்டிருந்தாள். மலைக்காட்டுக்கு மாற்றினால் ஏற மாட்டாள். அவனுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

பத்துமலைக்கு அப்போது முப்பத்து நாலு வயது. முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போனதால், அவன் தாய் பத்துமலைக் கோயிலில் நேர்ந்துகொண்டு பெற்று அந்தப் பெயரையே வைத்தாள். கப்பலேறி வந்தவன் இல்லை, இங்கேயே பிறந்தவன். எட்டு வயதில் பாகான் டத்தோவில் தேங்காய் பொறுக்கினான். பிறகு தாப்பாவில் லாலான் புல் வெட்டினான். பதினாறு வயதில் இங்கே வந்து இதே நிரைகளுக்குக் குழி வெட்டினான். குழியின் ஆழத்தைக் கங்காணி குச்சி வைத்து அளந்தார். வெட்டிய புல்லைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். அரிசியைப் படியால் அளந்தார்கள். பாலைத் தராசில் நிறுத்தார்கள். பட்டையில் விழுந்த காயத்தைக்கூட விரலால் அளந்து பேரைப் பாதியாக்கினார்கள். எதை அளந்தாலும் கடைசியில் ஆளில் வந்துதான் நிற்கும்.

அதனால்தான், அந்த வருஷம் கோலாலம்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து இருபது நிரைகளைக் காட்டிவிட்டுப் போனதும், கார்த்திகேசு கிராணி மரத்துக்கு மரம் வெள்ளைச் சாயத்தில் நம்பர் போட்டதும், கண்ணாடிக் குவளையோடு வந்து ஒவ்வொரு மங்காக அளந்ததும் லயத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி விளங்கியது. தோட்ட முதலாளிகள் ஆராய்ச்சி செய்ய, புது முறையில் பயிர் வைக்கச் சர்க்கார் பணம் கொடுக்கிறதாம். சர்க்கார் சும்மா கொடுக்குமா? பால் குறைந்த ஆளைக் கழிக்கத்தான். சமவெளியில் கெட்டிக்காரனை வைத்துக்கொண்டு மற்றவர்களை மலைக்கு விரட்டுவார்கள்.

மரத்தை அளக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிரை முழுவதற்கும் ஊற்ற அவனிடம் பாலும் இல்லை, நேரமும் இல்லை. கிராணி முதலில் வந்து நிற்கும் பன்னிரண்டு மரங்களைத் தேர்ந்துகொண்டான். மூன்று மாதம், அளக்கிற நாளிலெல்லாம் ஊற்றினான். பால் வெட்டத் தொடங்கியதிலிருந்து அளந்து முடியும்வரை கிராணி நிரையிலேயே நிற்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அவர் ஸ்டோரில் காப்பி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் வருவார்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?” என்று மாரியம்மா ஒரு நாள் கேட்டாள். “என் கைக்கு இவ்ளோ பால் வராது. ஒன்னய மலைக்கு வெரட்டிட்டா?”

“எனக்குக் கால் இருக்கு. ஏறிக்குவேன்.”

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள்.

மழைக்காலம் தொடங்குமுன் முடிவு வந்தது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஐயாவு கங்காணி பேர் கூப்பிட்டு முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“பத்துமலை பொண்டாட்டி நிரையில பன்னெண்டு மரம் மொத மார்க்கு. இந்தப் பக்கத்திலேயே அவ்வளவு பால் எந்த மரத்துலயும் இல்லையாம். துரைக்கு ஒரே சந்தோசம்.”

பத்துமலை மூச்சை விட்டான். பாப்பா பின்னாலிருந்து அவன் முதுகில் இடித்தாள்.

“அதனால, இனிமே அதுங்க மேல பால் வெட்டுற கத்தி படக்கூடாது. அந்த நிரையச் சுத்திக் கம்பி வேலி. கெளைய வெட்டி, மொட்டுக் கண்ணெடுத்து, கன்னுல ஒட்டுக் கட்டப் போறாங்க. அந்த ஒட்டுக் கன்னுக்குத்தான் சர்க்கார் பணம் குடுக்குது. மாரியம்மா, நீ நாளையிலேருந்து மலைக்காடு, ஏழாம் நெர.”

“நான் போறேன் கங்காணி,” என்றான் பத்துமலை. “அவ என் நெரைய வெட்டட்டும்.”

“ஒன் நெரைய ஒரு வருசத்துக்கு ஒரே கைதான் வெட்டணும். கை மாறுனா கணக்குக் கெட்டுப் போவுமாம். நீ எங்க போற? ஒன் மரந்தான் எல்லாத்துலயும் கடைசி மார்க்கு. அதையும் அளந்துக்கிட்டே இருக்கணுமாம்.”

யாரோ சிரித்தார்கள்.

அன்று பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போனான். வாசலில் செருப்பில்லாத காலைத் துடைத்துக்கொண்டு நின்றான். கார்த்திகேசு கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் விபூதி, காதில் பென்சில். அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“ஐயா, அந்தப் பன்னெண்டு மரத்துப் பால் அந்த மரத்துப் பால் இல்லீங்க. என் மரத்துப் பால். நாந்தான் ஊத்துனேன்.”

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?”

“சத்தியமா ஐயா. நாங்க ஆள அளக்குறீங்கன்னு நெனச்சோம். மாரியம்மாளுக்கு ஒடம்பு முடியல. மலை ஏற மாட்டா. வேலியப் பிரிச்சிட்டு அவளுக்கு அந்த நெரையக் குடுத்துடுங்க. மத்ததுக்கு என்ன தண்டன வேணும்னாலும் குடுங்க.”

“எத்தனை நாள் ஊத்தினாய்?”

“அளந்த அன்னிக்கெல்லாம்.”

கார்த்திகேசு உட்கார்ந்தார். மைக்கூட்டை மூடி ஒதுக்கி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார். கோபம் இல்லை.

“கடதாசி கோலாலம்பூருக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. என்ர கையெழுத்து. கிட்ட நிண்டு அளந்தனான் எண்டு எழுதியிருக்கு. அதை நம்பிச் சர்க்கார் காசு குடுத்திட்டுது. நூறு ஏக்கர் பழைய மரத்தை வெட்டி, இந்தக் கண்ணை ஒட்டி நடப் போறாங்கள். இப்ப நான் போய், இது பிழை எண்டு எழுதவோ?”

“நட்டா அவ்ளோ பால் வராதே ஐயா.”

“வராதுதான். ஆனா அது தெரிய ஆறேழு வருசமாகும். அப்ப ஆர் இருப்பினம், ஆர் போவினம்! நீ இதை இன்னொருத்தனுக்குச் சொன்னியெண்டா, துரை முதலிலே உன்னை வெளியாலே போடுவான். பிறகு என்னை. உன்ர மனிசிக்கு அப்ப சமவெளியும் இல்லை, மலையும் இல்லை. விளங்குதோ?”

விளங்கியது. மறுபடியும் ஒரு முறை, வேலியை மட்டும் பிரிக்க முடியுமா என்று கேட்டான். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

வேலைக்கு வராமல் கிடந்தால் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன நாலு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. மாரியம்மா அதை எண்ணி வைத்திருந்தாள். “ஏறிப் பாக்குறேன்” என்றாள். வாளியைப் பாப்பா தூக்கிக்கொண்டு பாதி மேடுவரை கூடப் போனாள். அதற்குமேல் அவளுக்கும் பெரட்டுக் களத்தில் பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் அரைப் பேர். இரண்டாம் நாள் பேரே இல்லை. பகல் இரண்டு மணிக்குத்தான் இறங்கி வந்தாள், உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து. மலைக்காட்டில் அவளுக்குப் பால் ஊற்ற ஆள் இல்லை. அங்கே எல்லாரும் முடியாதவர்கள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஏழாம் நிரையின் மேல்வரிசையில் கத்தியைப் பிடித்தபடியே குந்தியவள் சாய்ந்துவிட்டாள். இரண்டு பேர் சாக்கில் வைத்து இறக்கினார்கள். பத்துமலைக்கு ஆள் அனுப்பி அவன் ஓடி வந்தபோது மாட்டு வண்டி பூட்டியாகிவிட்டது. ஏறி உட்கார்ந்து அவள் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டான். பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி போகவேண்டியிருக்கவில்லை. சிம்பாங் பூலாய் முச்சந்தி தாண்டுமுன்பே வண்டிக்காரனை நிறுத்தச் சொன்னான்.

சாயங்காலமே பாடையை எடுத்தார்கள்.

மறுநாள் விடியலில் மழை பெய்து ஏழு மணிக்கு விட்டது. பட்டை ஈரமாக இருந்ததால் பால் வெட்டு இல்லை. பெரட்டில் ஐயாவு கங்காணி எல்லாரையும் புல் வெட்ட அனுப்பினார். பத்துமலையின் பேருக்கு நேரே வரவில்லை என்று குறித்தார்கள். மலைக்காடு ஏழாம் நிரை தாப்பாவிலிருந்து புதிதாக வந்த ஒருவனுக்குப் போயிற்று. பதினொரு மணிக்குக் அந்தக் கோலாலம்பூர் வெள்ளைக்காரர் மோட்டாரில் வந்தார். ஒட்டுக் கட்டப் பழகிய இரண்டு ஜாவாக்காரர்கள் வேலிக்குள் போய்ப் பன்னிரண்டு மரத்திலும் ஏறிக் கிளைகளை வெட்டிப் போட்டார்கள். கார்த்திகேசு கிராணி கிளைகளை எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றச் சொல்லி, ஒவ்வொரு கட்டுக்கும் சீட்டுக் கட்டினார். மூன்று மணிக்கு அந்தக் கட்டுகளோடு லாரி புறப்பட்டது. நாலு மணிக்கு மறுபடியும் மழை.