இன்ச்சம்மாவின் கூட்டல்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவாள். "நீங்க நாப்பது, மூச்சை விட்டா நாப்பத்தொண்ணு" என்று கடிதம் கொடுக்க வந்த தபால்காரரிடமே சொல்லியிருக்கிறாள். இருபத்திரண்டு வருடம் தையல் மிஷினை மிதித்த கால். ஆனால் அவளுக்கும் கூட்டலுக்கும் மட்டும் ஏழாம் பொருத்தம்.

போன மாதம் அது வேலையைக் காட்டிவிட்டது. நர்சுகளின் சட்டைக்கு, மார்பளவோடு நான்கு இன்ச் லூஸ் சேர்த்து, எவ்வளவு வெட்டவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பது அவள் பொறுப்பு. முப்பத்தெட்டும் நான்கும் நாற்பது என்று எழுதிவிட்டாள். ஆறு சட்டைகளில் பட்டன் ஒரு பக்கம், காஜா ஒரு பக்கம், நடுவில் மூச்சு முட்டுகிற நர்சு. அவர்களுடைய தையல்கடையில் துணி வெட்டுகிறவர் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை உருவித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இனி நீ காஜா எடு, போதும்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தெருமுனை நூலகத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு என்று அறிவிப்பு வந்தது. பைத்தான் என்ற கணினி மொழி. கூட்டலெல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும் என்று யாரோ சொன்ன ஒரே பேச்சை நம்பிச் சேர்ந்தாள். "பாம்புப் பேரா வச்சிருக்காங்க, பாத்துப் போ" என்றார் நாத்தனார்.

எதையும் இன்ச் கணக்கிலேயே பேசியதால், வகுப்பில் அவளுக்கு இன்ச்சம்மா என்று பேர் விழுந்தது. வேரியபிள் என்றால் பேர் எழுதி ஒட்டிய டப்பா என்றாள் பாடம் நடத்துகிற பெண். பட்டன் டப்பாக்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதில் என்ன கஷ்டம்? 'மார்பு' ஒரு டப்பா, 'லூஸ்' ஒரு டப்பா. லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. ஆயுசு பூராவும் அதைத்தானே செய்கிறாள். லூப்புக்கு அடுத்த வரியை நாலு இடம் உள்ளே தள்ளி எழுதவேண்டும் என்றதும், "மடிப்புக்கு விடுறது" என்று தலையாட்டினாள்.

அடுத்து நாற்பது சட்டைக்கு ஆர்டர் வந்தது. விட்ட டேப்பைப் பிடிக்க இதுதான் சமயம். மார்பையும் லூஸையும் சேர்க்கச் சொல்லி நூலகக் கணினியில் எழுதினாள்; அளவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, நூலகம் பூட்டுகிற அவசரத்தில் அச்சான தாளைப் பார்க்காமலேயே மடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"நாப்பதும் சேத்தாச்சு அண்ணி."

நாத்தனார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். மார்பு 36, லூஸ் 4, வெட்ட வேண்டியது 364.

"இது நர்சுக்கா, ஆஸ்பத்திரிக்கா?"

அடுத்தது 324. அதற்கடுத்தது 384. நாத்தனார் வெட்டுமேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்தான். ஆனால் டேப் இனி கைக்கு வராது என்றே நினைத்தாள்.

மறுநாள் தாளைப் பார்த்த வகுப்புப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சேர்க்கச் சொன்னீங்க, சேத்திருக்கு. நீங்க தட்டுறது எல்லாம் அதுக்கு முதல்ல வெறும் எழுத்துதான்க்கா, மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற மாதிரி. எழுத்தோட எழுத்தைச் சேத்தா பக்கத்துல ஒட்டிக்கும்."

இன்ச்சம்மா யோசித்தாள். "விளையாட்டு பனியன் முதுகுல தைக்கிற நம்பர் மாதிரியா? பத்தாம் நம்பரும் ஏழாம் நம்பரும் ஒட்டி நின்னா பதினேழு ஆயிடாது."

"அதேதான். எண்ணா மாத்திட்டுக் கூட்டணும். இன்ட்னு ஒரு வார்த்தை போட்டா போதும்."

இன்ச்சம்மாவுக்குக் கோபமே வரவில்லை. துணியோடு துணியை ஒட்டிவைத்துப் பிடிப்பதைத்தான் அவளும் இத்தனை வருடமாகச் சேர்ப்பது என்று சொல்லிவந்தாள். இந்தக் கம்ப்யூட்டரும் நம்ம தொழில்தான் போலிருக்கிறது என்று அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

புதுத் தாளை நாத்தனார் விரல்விட்டு எண்ணி எண்ணிச் சரிபார்த்தார். பக்கத்தில் நின்று மேற்கோள் குறிக் கதையையும் இன்ட் கதையையும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"முப்பத்தொம்பதும் நாலும் நாப்பத்திநாலு. இதுல நாப்பத்திமூணுன்னு இருக்கு."

நாத்தனார் மறுபடி எண்ணினார். கையை மாற்றி இன்னொரு தடவை எண்ணினார். பிறகு தன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, ஒன்றுமே நடக்காததுபோல அவள் கழுத்தில் போட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் ஒரு சட்டை போடு," என்றார் நாத்தனார் சாக்பீஸைத் தேடியபடி. "என் அளவை மட்டும் அந்தக் குறிக்குள்ளயே வச்சிரு. கூடாம இருக்கட்டும்."

இன்ச்சம்மா அவரை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள். டேப் தேவைப்படவில்லை.

"குறிக்குள்ள வச்சா நானூத்தி இருபத்திநாலு வரும் அண்ணி."

நாத்தனார் வாசலில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்ட்டே போடு."