எட்டு வீட்டுக்கு ஒரு மாடிச் சாவி

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, திட்டு மட்டும் தவறாமல் வரும்: பிளாக்குக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை அப்படிப்பட்டது. மகளிர் குழுத் தலைவி, அபார்ட்மென்ட் செக்ரட்டரி என்று எங்காவது மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

பூரண சுதந்திரம்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கு எட்டு வீடு, மொட்டைமாடியில் ஒரே தொட்டி, வீட்டுக்கொரு வால்வு. கோடை வந்தால், முதலில் எழுந்தவர் மாடியேறி மற்ற ஏழு வால்வையும் மூடிவிடுவார். ஒருநாள் எல்லோரும் எல்லோருடையதையும் மூடிவிட்டோம். தொட்டி நிறையத் தண்ணீர். எட்டு வீட்டுக் குழாயிலும் காற்று.

அன்று சாயங்காலமே கூடிப் பேசினோம். மாடிக்கதவைப் பூட்டி, சாவியை ஒருத்தரிடம் கொடுப்பது, மற்றவர்கள் வால்வைத் தொடுவதில்லை என்று முடிவானது. என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என் நேர்மைக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப்போய்க் காரணம் கேட்டேன். கீழ்வீட்டு பாத்திமா அக்கா சொன்னார்: "உன் வூட்ல கைக்குழந்தை இருக்கு. எப்படியும் விடியறதுக்கு முன்னாடியே முழிச்சிகினுதானே கெடக்குற!"

எட்டு வீடும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்

ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போகிற வீட்டுக்கு முதல் தண்ணீர் என்று சட்டம் போட்டேன். மறுநாளே எட்டு வீடும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆகிவிட்டது. எதிர்வீட்டு செல்வியின் கணவர் நைட் ஷிஃப்ட் முடிந்து, அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். "இவரா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்?" என்றேன். செல்வி அசரவில்லை. "அவரு இல்லக்கா, எங்க மாமியாரு. அஞ்சரைக்கெல்லாம் என்னைத் திட்ட டூட்டியில சேர்ந்துடுவாங்க!"

ஆட்சி கவிழ்ந்தது

குழந்தைத் துணி துவைக்க என் வீட்டு வால்வை மட்டும் கொஞ்சம் முன்னதாகத் திறந்துகொண்டேன். ஊருக்கு உழைக்கிறவளுக்கு இதுகூடவா இல்லை? மூன்றாம் நாள், பாத்திமா அக்காவின் முறை வருவதற்குள் தொட்டி காலி. விடியற்காலைத் தொழுகைக்கு முன் கை கால் கழுவக்கூட அவருக்குத் தண்ணீர் இல்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். என் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துணிகளைப் பார்த்தார், கையை நீட்டினார். "சாவியைக் குடும்மா. நாங்க குடுத்ததுதானே?"

மறுபடியும் நானே

சாவியைப் படிக்கட்டுச் சுவரில் பொதுவாக மாட்டினார்கள். இரண்டே நாள். பழையபடி மூடல், பழையபடி சண்டை. செல்வி வீட்டு வால்வின் கைப்பிடியையே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலை பாத்திமா அக்காவும் செல்வியும் என் வாசலில். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்; அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. "இந்தா சாவி. இனிமே உன் வூட்டுக்குத்தான் கடைசித் தண்ணி. சம்மதம்னா மாடியேறு."

அரசாங்கம் எப்படி உண்டானது என்று பெரிய புத்தகங்களில் என்ன எழுதியிருக்கிறதோ, எங்கள் பிளாக்கில் அது, எட்டுத் திருடிகளைக் காவல் காப்பதைவிட ஒரு திருடியைக் காவல் காப்பது சுலபம் என்று தெரிந்துகொண்ட அன்று உண்டானது.